நூற்றுக்குள் காற்று

“அந்த வீட்டுல எதையும் கேட்காத,” என்றார் வீரையன்.

“கேட்டா என்னப்பா? கட்டிக்கப் போறவர்தானே.”

“கட்டிக்கிறவர்தான், இல்லேங்கல. ஆனா நாம கேட்டுக் கேட்டே முதுகு வளைஞ்ச ஆளுங்க. கூலி கேட்டோம், கஞ்சி கேட்டோம், செத்தவனைத் தூக்கிட்டுப் போக வழி கேட்டோம். உன் வாயிலேர்ந்து ஒண்ணு வந்துச்சுன்னா அதையும் அதோட சேர்த்துடுவாங்க.”

“அப்ப ஒண்ணுமே கேட்கக் கூடாதா?”

“ஒண்ணே ஒண்ணு இருக்கு. மாப்ள ஒரு நாள் நம்ம வீட்டுல உக்காந்து கை நனைக்கணும். அத நீ கேட்காத. நான் கேக்கறேன். நேரம் பாத்து நானே கேக்கறேன்.”

கல்யாணத்துக்கு முதல் நாள் பகலில், நாற்றங்கால் வரப்பில் நின்று அப்பாவும் மகளும் பேசிய பேச்சு அது. பதினாலு வருஷம் ஓடிவிட்டது. அம்சத்துக்கு அதில் ஒரு சொல்லும் மறக்கவில்லை. அப்பா அந்த நேரத்தை இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கை நனைப்பது என்றால் அந்தப் பக்கத்தில் வெறும் சாப்பாடு இல்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் உறவு. நனைக்காதவரை, தாலியே கட்டியிருந்தாலும், வந்தவர் வந்தவர்தான், வீட்டுக்காரர் வீட்டுக்காரர்தான்.

தஞ்சாவூருக்குக் கிழக்கே பதினோரு கிலோமீட்டரில் இருக்கிறது கீழப்பிடாகை. வெண்ணாற்றிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால் ஒன்று ஊரை வளைத்துக்கொண்டு போகிறது. ஒருகாலத்தில் அங்கே கண்ணுக்கெட்டிய வயலெல்லாம் அம்சம் கட்டிக்கொண்ட நீலமேகத்தின் தாத்தா துரைராசுவின் பண்ணை. வீரையனும் அவர் ஆட்களும் அந்தப் பண்ணையில் வேலை செய்தவர்கள். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, துரைராசு வண்டிக்காரன் பேரிலும் சமையல்காரன் பேரிலும் எழுதி வைத்தது போக, வீட்டு நாய்க்கும் ஒரு பேர் வைத்து அதன் பேரிலும் எழுதினார் என்று ஊரில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். பண்ணை ஆட்கள் கொடி நட்டார்கள், அறுவடையை மறித்தார்கள், அடி வாங்கினார்கள். மூன்று பேர் ஜெயிலுக்குப் போனார்கள். கடைசியில் முப்பத்தோரு குடும்பங்களுக்குத் தலைக்கு ஓர் ஏக்கர் வந்தது. ஜெயிலுக்குப் போன மூவரில் வீரையன் ஒருவர். அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது. கையில் கொடுத்தது நிபந்தனைப் பட்டா. பொதுக் காரியத்துக்கு வேண்டுமென்றால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் கடைசியாக ஒரு வரி இருந்தது. அந்த வரியை அன்றைக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.

அந்த ஏக்கரின் மூலையில்தான் வீரையன் வீடு கட்டினார். அந்த வீட்டில்தான் அம்சம் பிறந்தாள்.

துரைராசுவின் பேரனை அவள் திருச்சியில் படிக்கும்போது சந்தித்தாள். அவள் வேதியியல், அவன் சுற்றுச்சூழல் பொறியியல். ஆய்வகத்துக்கு வெளியே அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் பாதியை அவன் கேட்காமலே எடுத்துக்கொள்வான். அவள் அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பு என்றால் முழுவதையும் எடுத்துக்கொள்வான். அதைப் பார்த்துத்தான் அவள் அவனை நம்பினாள். எந்தப் பெண்தான் நம்ப மாட்டாள்? தலைவர்கள் படத்துக்குக் கீழே, ஐயர் இல்லாமல், மாலை மாற்றிக் கல்யாணம் நடந்தது. அவன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அம்சத்தின் அம்மா பந்தியில் மாப்பிள்ளைக்கு இலை போட்டபோது, ஊருக்குத் திரும்ப நேரமாகிவிட்டது என்று அவன் எழுந்துவிட்டான். ஏதோ அவசரம் என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் அம்மா செத்துப்போனாள். அதற்கு அடுத்த வருஷம் நீலமேகத்தின் அப்பா செத்து, மாமியார் கமலவல்லி அவர்களோடு வந்து தங்கினாள். உண்மை அவள் வாயிலிருந்துதான் வந்தது. வெங்காயம் உரித்தபடியே, சிரித்த முகமாகச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்பே அவள் புருஷன் மகனைக் கூப்பிட்டு, கட்டுகிறதைக் கட்டிக்கொள், அந்தத் தெருவில் மட்டும் கை நனைக்காதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டாராம். டிபன் பாக்ஸ் வேறு, தெரு வேறு.

“எம்புள்ள சொன்ன சொல்லைக் காப்பாத்துறவன்மா,” என்றாள் கமலவல்லி. “அந்த வகையில நீ குடுத்து வச்சவ.”

அம்சம் அவனிடம் இதைக் கேட்கவில்லை. கேட்காதே என்றுதானே அப்பா சொல்லியிருந்தார். கல்லூரிக் காலத்தில் ‘நீ’ என்று கூப்பிட்டவனை அன்றிலிருந்து ‘நீங்க’ என்று கூப்பிட்டாள். அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவளையும் மகளையும் அவனே காரில் கொண்டுவந்து விடுவான். அதில் குறை சொல்ல முடியாது. வாய்க்கால் மதகுவரை வருவான். இறங்க மாட்டான். ஏசி போட்டபடி, என்ஜின் ஓடியபடி உட்கார்ந்திருப்பான். வீரையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மதகுக்கு ஓடி வருவார். கண்ணாடி பாதி இறங்கும். நல்லா இருக்கீங்களா மாமா என்று மரியாதையாகக் கேட்பான். வயிறு சரியில்லை என்பான். மீட்டிங் என்பான். ஒரு தடவை அமாவாசை என்றான். கார் போனபிறகு அந்தப் புகையில் அப்பா கொஞ்ச நேரம் நிற்பார்.

ஒவ்வொரு தடவையும் அவர் காலையிலேயே தோப்பில் போய் ஒரு நுனி இலை அறுத்து, தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்திருப்பார். சாயங்காலம் அதை ஆட்டுக்குப் போட்டுவிடுவார்.

“மாப்ள திங்காத இலையைத் தின்னே உங்க ஆடு கொழுத்துப் போச்சு,” என்பாள் பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள். “இன்னும் நாலு பொங்கல் போனா அதுவே வந்து உங்களுக்கு மாப்ள மொறை கொண்டாடும் பாருங்க.”

வீரையனும் சிரிப்பார். மகள் பக்கம் மட்டும் திரும்ப மாட்டார்.

பேத்திக்குச் சத்தியம் எதுவும் இல்லை. அவள் தாத்தா வீட்டில் ஒரு பிடி பிடிப்பாள். தஞ்சாவூர் திரும்பியதும் கமலவல்லி அவளை நேரே குளியலறைக்குக் கூட்டிப்போய்ப் பாவாடையைக் கழற்றி வாளியில் போடுவாள். ஊர்த் தூசியாம்.

*

ஆட்சி மாறிய அடுத்த வருஷம் குறுவையில், வீரையன் போன் செய்து வயலில் புகையான் விழுந்திருக்கிறது என்றார். நெல்லின் தூரைக் கூட்டங்கூட்டமாக உறிஞ்சும் பூச்சி அது. விழுந்தால் வயல் தீய்ந்தது போலாகிவிடும். மருந்து அடித்தார். ஒரு வாரம் கழித்து மறுபடியும் அடித்தார். அம்சம் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தாள். இலையெல்லாம் துரு தெளித்த மாதிரி சின்னச் சின்னப் புள்ளி. தூரை விரித்தால் ஒரு பூச்சி இல்லை.

“பூச்சி இல்லாத புகையான் இப்பத்தான் பாக்கறேன்,” என்றார் அப்பா. “எழுபத்திரண்டு வயசுக்கு இது ஒண்ணுதான் பாக்கி.”

ஊரே மருந்து அடித்துக்கொண்டிருந்தது. அம்சத்துக்குச் சந்தேகம் வேறு பக்கம் போனது. அவள் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தாள். நீலமேகம் ஒரு தனியார் ஆலோசனை நிறுவனத்தில் இருந்தான். தஞ்சாவூர் நகரத்துக் காற்றில் ஓசோனை வரம்புக்குள் வைக்க ஐந்தாண்டுத் திட்டம் எழுதும் வேலை அவன் தலைமையில்தான் நடந்தது. எட்டு மணி நேரச் சராசரி, ஒரு கன மீட்டர் காற்றில் நூறு மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அளக்கும் பெட்டியைப் பேருந்து நிலையத்தில் வைத்திருந்தார்கள். அது நாற்பத்தாறு, ஐம்பத்திரண்டு என்று தங்கமான எண்களைக் காட்டியது.

பெட்டியைக் கவனித்துக்கொண்ட ஜெக்கரியா என்ற தொழில்நுட்ப ஊழியர் அம்சத்தின் பழைய மாணவர். கையில் தூக்கிப்போகும் அளவுக் கருவி ஒன்று சும்மா கிடக்கிறது என்று கொடுத்தார். அதை அவள் அப்பா வீட்டு ஓட்டுத் தாழ்வாரத்தில் மாட்டினாள். மணிக்கு ஒருமுறை எண்ணைப் பார்த்து நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதச் சொல்லி அப்பாவிடம் பென்சிலையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

நாற்பது நாள் எழுதினார். ஒரு மணி தவறவில்லை. வீரையனின் தகப்பனார் பண்ணைக் களத்தில் நெல் அளந்தவர். மரக்காலைத் தலைதட்டும்போது ஒரு நெல்மணி கூடவும் விடமாட்டார், குறையவும் விடமாட்டார். அளப்பவன் கை சுத்தமாக இருக்கவேண்டும், நெல் யாருக்குப் போனால் என்ன என்பார். அந்தக் கைதான் மகனுக்கும். எண் 129 என்றால் 129. யாராவது 130 என்று வைத்துக்கொள்ளேன் என்றால் கோபம் வந்துவிடும்.

நூற்றுப் பதினெட்டு. நூற்று இருபத்து நான்கு. நூற்று முப்பத்தொன்று. அம்சம் தாள்களைப் பிரித்து, நூறைத் தாண்டிய எண்களை அடிக்கோடிட்டுக்கொண்டே போனாள்.

அப்பாவுக்குப் புரியும்படி சொன்னாள். பஸ்ஸும் லாரியும் விடுகிற புகை, பெட்ரோல் ஆவி, குப்பை எரிகிற புகை, எல்லாம் மேலே போய் வெயிலில் வேகிறது. வெந்தால் ஓசோன் ஆகிறது. ஆனால் பேருந்து நிலையத்தில் புதுப் புகை வந்துகொண்டே இருப்பதால், அது ஓசோனை அங்கேயே தின்றுவிடுகிறது. அதனால் அங்கே எண் குறைவு. மிச்சம் மேல்காற்றில் ஏறி, வழியெல்லாம் வெந்துகொண்டே, மத்தியானத்துக்கு நம் வயலுக்கு வந்து இறங்குகிறது. இலையில் இருக்கும் புள்ளி அதுதான். உங்களுக்கு நெஞ்சு அடைக்கிறதும் அதுதான்.

வீரையன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

“அங்க ஆக்கி இங்க பரிமாறுறாங்கன்னு சொல்லு.”

*

அந்தத் தாள்களை அம்சம் நீலமேகத்திடம் கொடுத்தது கேட்பதற்காக இல்லை. கொடுப்பது வேறு, கேட்பது வேறு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பெட்டி இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்று தெரிந்தால், நகரத்துப் புகையைக் குறைக்க வழி எழுதுவான். பழைய பஸ்களை ஓரங்கட்டச் சொல்வான். குப்பை எரிப்பதை நிறுத்தச் சொல்வான். வேறு எப்படி எழுத முடியும்?

நீலமேகம் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். திருச்சி ஆய்வகத்தில் பார்த்த முகம் அது. நெற்றியில் வந்த முடியை ஒதுக்காமல், உதட்டைக் கடித்துக்கொண்டு படித்தான். பிறகு அவள் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டான்.

“இது தங்கம், அம்சம். உங்கப்பா ஒரு சயின்டிஸ்ட்.”

அன்றைக்கு அவள் அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள். இந்த வேலை முடிந்தால் ஒருவேளை ஊருக்கு வருவான், அப்பா எழுதிய இடத்தைப் பார்க்கவாவது காரை விட்டு இறங்குவான் என்றுகூட நினைத்தாள். நினைப்புக்கு என்ன காசா, பணமா?

இரண்டு மாதம் கழித்து வரைவுத் திட்டம் வந்தது. மூன்றாம் இணைப்பில் அப்பாவின் எண்கள் அப்படியே இருந்தன. நன்றி என்று ஒரு வரியில் அவர் பேரும் இருந்தது. அம்சம் சந்தோஷமாகப் பக்கத்தைப் புரட்டினாள். பரிந்துரை எண் ஒன்பதில் நின்றுவிட்டாள்.

நகரத்து லாரி நிலையத்தையும் தார்க் கலவை ஆலையையும் கீழப்பிடாகைக்கு மாற்றவேண்டும் என்று எழுதியிருந்தது. இதனால் நகரத்தில் ஓசோன் உண்டாக்கும் புகை குறையும். கீழப்பிடாகையில் இப்போது அளவு வரம்பைத் தாண்டியிருப்பது அளந்து நிரூபிக்கப்பட்டிருக்கிறது. அங்கே நாளொன்றுக்கு நானூறு லாரிகள் நின்று கிளம்பினால், அவற்றின் புதுப் புகை ஓசோனைக் குறைக்கும். ஆக, இரண்டு இடத்திலும் அளவு நூற்றுக்குள் வரும். தேவைப்படும் முப்பத்தோரு ஏக்கரும் நிபந்தனைப் பட்டா நிலம் என்பதால் எடுப்பதில் தாமதம் இராது.

கீழே இருந்த பட்டாதாரர் பட்டியலில், ஆறாவது வரிசையில் வீரையன் பேர் இரண்டாம் தடவையாக இருந்தது.

அவள் அதை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். அவன் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். மகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, இதை நீங்கள்தான் எழுதினீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றான். குரல் ஏறவில்லை. அவனுக்கு எப்போதும் குரல் ஏறாது.

“எண்ணுல ஏதாவது பொய் இருக்கா, அம்சம்?”

“எண்ணுல இல்ல.”

“கெமிஸ்ட்ரியில?”

வேதியியலிலும் பொய் இல்லை. அதுதான் கொடுமை.

“நானூறு லாரிப் புகையை அந்த ஊரு எப்படி மூச்சு விடும்?” என்றாள்.

“இது ஓசோன் திட்டம். புகைக்கு வேற திட்டம் வரும், வேற குழு எழுதுவாங்க.”

“ஓசோனைத் தின்ன புகை சும்மா இருக்காதுங்க. காத்துல போயி அடுத்த ஊர்ல மறுபடி ஓசோனாத்தான் ஆகும்.”

“அடுத்த ஊர்ல பெட்டி இல்லையே.”

அதை அவன் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே ஒரு சிக்கலை அவிழ்த்துவிட்ட நிம்மதியோடு சொன்னான். பிறகு அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தான். ரொம்ப யோசித்துத்தான் செய்திருக்கிறேன், இரண்டரை லட்சம் பேருக்கான காரியம், உங்கப்பாவை அப்படியே விட்டுவிடுவேனா என்றான்.

“இங்கயே கூட்டிட்டு வந்துடலாம். கீழ வாட்ச்மேன் ரூம் காலியாத்தானே இருக்கு. தனி அடுப்பு வச்சுக்கிட்டா அவருக்கும் சங்கடம் இல்ல, அம்மாவுக்கும் சங்கடம் இல்ல.”

கமலவல்லி பூஜை அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது.

“நெலம் யாருகிட்டயும் தங்காதும்மா,” என்றாள், ஆறுதல் சொல்கிற மாதிரி. “எங்க மாமனார்கிட்டேர்ந்து போனப்ப இந்த வீட்டுல ரெண்டு நாள் அடுப்பு மூட்டல. நாங்க பொறுத்துக்கிட்டோம்ல?”

அன்றைக்கு அம்சத்தின் நாக்கு நுனிவரை வந்தது. எங்கப்பா நிலத்தை விட்டுடுங்க. ஐந்து சொல்கூட இல்லை. நாற்றங்கால் வரப்பு கண்முன் வந்தது. வாயை மூடிக்கொண்டாள். கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். மென்மையாக, கையைப் பிடித்துக்கொண்டே, மாட்டேன் என்றிருப்பான். அதைத் தாங்கும் தெம்பு அவளுக்கு இல்லை.

*

செய்தியைச் சொல்ல அவளே பஸ் ஏறிப் போனாள். வீரையன் அளவுக் கருவி மாட்டியிருந்த ஆணியில் துண்டைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். முடிந்தபிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

“நான் எழுதுன தாளை வச்சுத்தான் எடுக்கறாங்களா?”

அவள் தலையை ஆட்டினாள்.

“அப்ப நானே அளந்து குடுத்திருக்கேன்,” என்றார்.

வாசலில் நின்ற கண்ணாத்தாள் வாயில் வந்ததையெல்லாம் பேசினாள். படிக்கவைத்த கூலி இதுதானா என்றாள். துரைராசு கட்டிவைத்து அடித்தான், பேரன் கட்டிக்கிட்டு அடிக்கிறான் என்றாள். அம்சம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். அவள் கொண்டுவந்த கருவி, அவள் சொல்லிக்கொடுத்த எண். யாரிடம் போய்ச் சொல்வது? அப்பா மட்டும் அவள் பக்கம் திரும்பி, நீ அவரிடம் எதுவும் கேட்டாயா என்று கவலையோடு விசாரித்தார். இல்லை என்றதும் நல்லது என்றார். இனிமேல் நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டது போலவும் இருந்தது.

கருத்துக் கேட்புக் கூட்டம் தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் காலை பத்து மணிக்கு நடந்தது. முதல் நாள் யாருக்கோ வரவேற்பு நடந்திருக்கவேண்டும். மேடைக்குப் பின்னால் மணமக்கள் பேர் தெர்மோகோலில் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நீலமேகம், வெள்ளைச் சட்டையில், முன்னால் மைக்கோடு. நகரத்துக்காரர்கள் முன்வரிசை நாற்காலிகளில் இருந்தார்கள். கீழப்பிடாகையிலிருந்து ஒரு மினி லாரியில் நாற்பது பேர் வந்து பின்னால் நின்றார்கள். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை.

ஆளுக்கு டோக்கன். மூன்று நிமிஷம். அம்சம் ஐந்தாவது. தன் கணவர் என்று சொல்லாமல் ‘திட்டக் குழுத் தலைவர்’ என்று சொல்லிப் பேசினாள். பெட்டி இருக்கும் இடம் தவறு, புகையை இடம் மாற்றுவது தீர்வாகாது, கீழப்பிடாகை எண்களை எடுத்தது நான், அதை எடுத்த காரணம் இது இல்லை என்றாள்.

நீலமேகம் மைக்கை அருகில் இழுத்தான்.

“மேடம் சொன்ன அறிவியல் முழுக்கச் சரி,” என்றான். “அவங்க அளவுதான் இந்தத் திட்டத்துக்கே அஸ்திவாரம். அந்த ஊர்ல ஓசோன் ஆபத்தான அளவுல இருக்குன்னு கண்டுபிடிச்சவங்க அவங்கதான். அதைக் குறைக்க நாங்க வழி சொல்றோம். குறைக்க வேண்டாம்ங்கறாங்களா?”

முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. யாரோ கைதட்டினார்கள். அதிகாரி அவளுக்கு நன்றி சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

அவள் இறங்கிவந்து ஓர் ஓர நாற்காலியில் உட்கார்ந்தாள். மேடையிலிருந்து அவன் அவளைப் பார்த்து லேசாகப் புன்னகைத்தான். வீட்டில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் புன்னகைப்பானே, அதே புன்னகை. இவனுக்குத் தன்மேல் கோபமே இல்லை என்பது அவளுக்கு அப்போது தெரிந்தது. கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

ஊர் ஆட்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒருவர் அழுதார். ஒருவர் சட்டப் பிரிவைச் சொல்லிப் பாதியில் மறந்துபோனார். கண்ணாத்தாள் மட்டும் மைக்கைப் பிடித்து, நானூறு லாரி வந்தால் காற்று சுத்தமாகும் என்றால் நானூறையும் உங்கள் வீட்டு வாசலில் நிறுத்துங்கள், நாங்கள் டீ வாங்கிக் கொடுக்கிறோம் என்றாள். பின்னால் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துவிட்டு, ‘எதிர்ப்பு’ என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.

பதினேழாவது டோக்கன் வீரையன்.

குளித்து, திருநீறு இட்டு, மகள் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டு வந்திருந்தார். கழுத்து தொளதொளவென்று இருந்தது. கையிடுக்கில் எதையோ சுருட்டி வைத்திருந்தார். மேடைப் படிக்கருகில் உட்கார்ந்திருந்த எழுத்தர், மனுவா பெரியவரே, இங்கே கொடுங்கள் என்று கை நீட்டினார். வீரையன் கொடுக்கவில்லை. நுனி இலை அது. காலையில் அறுத்தது. ஓரத்தில் இன்னும் ஈரம் இருந்தது.

அம்சம் எழுந்து போய் அப்பாவைப் பிடித்துக்கொண்டுவந்து உட்காரவைத்துவிடலாமா என்று பார்த்தாள். நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

மேடையில் நீலமேகம் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தான். அடுக்கியதையே மறுபடியும் அடுக்கினான். அந்த மண்டபத்தில் இந்தக் கிழவர் அவனுக்கு யார் என்று தெரிந்தவர்கள், பின்னால் நின்ற நாற்பது பேரும் அவளும்தான். அவன் வேலை செய்யும் இடத்தில் பெண் எடுத்த ஊரைத் திருச்சிப் பக்கம் என்று சொல்லி வைத்திருந்தான்.

“பேரைச் சொல்லி, கோரிக்கையைச் சுருக்கமாச் சொல்லுங்க ஐயா,” என்றார் அதிகாரி.

வீரையன் மைக்குக்கு முன்னால் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். பண்ணையார் முன்னால் நிற்கிற மாதிரி இடுப்பில் கட்டத்தான் போகிறார் என்று அம்சம் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது துண்டால் முகத்தைத் துடைத்து மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டிருந்தார்.

“மாப்ள,” என்றார்.

மைக்கில் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. முன்வரிசைத் தலைகள் திரும்பின. அதிகாரி நீலமேகத்தைப் பார்த்தார். நீலமேகம் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நெலத்தக் கேட்டு நான் வரல, மாப்ள. அது உங்க தாத்தாகிட்ட நாங்க கேட்டு வாங்குனது இல்ல. புடுங்குனது. இப்ப நீங்க புடுங்கிக்கிறீங்க. சரி, அது ஒரு மொறை. ஏக்கருக்கு அப்படித்தான் போக்குவரத்து.” மூச்சு வாங்கியது. நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றார். “ஆனா இது புடுங்குனா வராது. இதக் கேட்டுத்தான் வாங்கணும். எம்பொண்ணக் கேட்க வேண்டாம்னு சொல்லி வச்சிருந்தேன். பதினாலு வருஷமா அதும் வாயத் தொறக்கல.”

இலையை விரித்து, மேடை விளிம்பில், அவன் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தார்.

“லாரி வர்றதுக்கு முந்தி, அந்த அடுப்பப் பிரிக்கறதுக்கு முந்தி, ஒரே ஒரு நாள் எங்க வீட்டுக்கு வந்து, உக்காந்து, கை நனைச்சுட்டுப் போங்க மாப்ள.”